கீழே மட்டும் பார்க்கும் அளவுகோல்

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போகிற சாலையோடு, குன்னூரிலிருந்து வண்டிச்சோலை வழியாக ஏறிவருகிற சாலை வந்து சேரும் இடம் கட்டபெட்டு. சின்னக் கடைத்தெரு, பஸ் மாறுகிறவர்கள், சுற்றிலும் தேயிலைச் சரிவு. சரிவின் மடிப்புகளில் படுகர் கிராமங்களான ஹட்டிகளும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். நடந்து போனால்தான் நடுவில் கிடக்கும் பள்ளத்தின் ஆழம் புரியும். வனத்துறையின் சரகம் ஒன்று ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது. காட்டுமாடு தோட்டத்தில் மேய்வதையும், தீனி தேடிக் கரடி குடியிருப்புப் பக்கம் வருவதையும் இங்கே யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை.

இத்தகைய ஊர்களில் அரசாங்கம் என்பது கடைசியில் நான்கைந்து பேர்தான். ஊராட்சிச் செயலர், டேங்க் ஆபரேட்டர், தூய்மைப் பணியாளர், மதிப்பூதியத்தில் உழைக்கும் தூய்மைக் காவலர், நூறு நாள் வேலை நடக்கும்போது பணித்தளப் பொறுப்பாளர். நீலகிரி மாவட்டத்தின் 35 கிராம ஊராட்சிகளும் இந்தக் கைகளால்தான் ஓடுகின்றன. மாவட்ட ஆட்சியரோ வட்டார வளர்ச்சி அலுவலரோ குடிமக்களின் கண்ணில் படுவது எப்போதாவது. டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறக்காவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கடந்த சில ஆண்டுகளில் இவர்கள் ஒவ்வொருவரின் வேலையும் ஏதாவதொரு திரையில் ஏறத் தொடங்கியிருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவும் வளர்ச்சித் திட்டமும் 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில். வீட்டு வரி வசூலுக்குத் தமிழக அரசின் தனித் தளம். குறைகளைச் சொல்ல 155340 என்ற எண்ணில் ‘ஊராட்சி மணி’. நூறு நாள் வேலைக்கு வருகைச் செயலி. இவை போதாதென்று வாட்ஸ்அப் குரூப்: தெருவைக் கூட்டினால் ஒரு படம், தொட்டியைக் கழுவினால் ஒரு படம், பிளீச்சிங் பவுடர் போட்டால் ஒரு படம். இவற்றில் எதுவும் ‘பணித்திறன் மதிப்பீடு’ என்ற பெயர்ப்பலகையோடு வரவில்லை. கணக்குக்காக, வெளிப்படைத்தன்மைக்காக, திருட்டைத் தடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. ஆனால் ரிவ்யூ மீட்டிங்கில் வசூல் சதவீதமும் நிலுவைப் புகாரும் ஏற்றாத படங்களும் ஊராட்சிவாரியாகப் பட்டியலிடப்படும்போது, அந்தப் பட்டியலின் அடியில் இருப்பவருக்கு அது மதிப்பெண்ணாகவே விழுகிறது. மதிப்பீட்டு முறை என்று அறிவிக்காமலேயே ஒரு மதிப்பீட்டு முறை உருவாகிவிட்டது. அறிவிக்காததால் அதற்கு விதிகளும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

இந்த முறை நன்றாக வேலை செய்கிறதா என்பதை எப்படிக் கணிப்பது? அரசு அறிக்கைகள் வழக்கமாகத் தரும் விடை, எத்தனை பேர் செயலியைப் பயன்படுத்துகிறார்கள், எத்தனை படம் ஏறியது என்ற எண்ணிக்கை. அது செயலியின் வெற்றியைச் சொல்லும். ஊரின் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது. என் கேள்வி வேறு. அளவுகோல் எந்தப் பக்கம் பார்க்கிறது? கடைசி ஊழியரை மட்டும் அளக்கிறதா, அவருக்கு மோட்டாரும் சம்பளமும் தரவேண்டிய மேலதிகாரியையும் அளக்கிறதா? இந்தியாவிலும் வெளியிலும் கிடைத்திருக்கும் ஆய்வுச் சான்றுகளை இந்தக் கேள்வியோடு படித்தால், எங்கே இத்தகைய முறைகள் பலித்தன, எங்கே பொய்த்தன என்பதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது.

முதலில் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பெரிய சோதனை. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கான தேசிய நடமாடும் கண்காணிப்பு முறை, என்.எம்.எம்.எஸ். என்ற செயலி, 2021 மே 21-இல் பரீட்சார்த்தமாக வந்தது. 2022 மே 16 முதல் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தளங்களில் கட்டாயமானது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிக்கான பணிகள் நீங்கலாக, எல்லாத் தளங்களிலும். பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் எடுத்து ஏற்ற வேண்டும். படத்தில் நேரமும் இடமும் பதிந்திருக்கும். போலி வருகையை ஒழிப்பதே நோக்கம். போலி வருகை இல்லாத கற்பனைப் பிரச்சினை என்று யாரும் சொல்ல முடியாது. கிராமத்தில் அதைத் தெரியாதவர் இல்லை.

நான்கு ஆண்டு ஓடிய பிறகு, 2025 ஜூலை 8-இல், மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. செயலியை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று அதில் வகை பிரித்திருந்தது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படம். ஒரு படத்தையே திரும்பப் படமெடுத்து ஏற்றுவது. படத்தில் இருக்கும் தலைகளுக்கும் பதிவில் இருக்கும் பெயர்களுக்கும் பொருத்தமின்மை. பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்பதில் முரண். ஒரே முகம் பல வருகைப் பட்டியல்களில். பிற்பகல் படம் ஏறாமலே போவது. இதற்கு அமைச்சகம் சொன்ன தீர்வு, ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் நூறு சதவீதம் மனிதக் கண்ணால் சரிபார்ப்பது. மனிதரை நம்ப முடியாது என்று வந்த கருவியைச் சரிபார்க்க மறுபடி மனிதரையே உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அதுவும் ஏற்கெனவே வரி, குடிநீர், தெருவிளக்கு, வீட்டுத் திட்டம் என்று பத்து வேலை பார்க்கும் அதே ஊராட்சி அலுவலகத்தில்.

ஏமாற்று நடந்தது என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இத்தனை ஆண்டு ஏறிய படங்களைப் பார்க்கும் பொறுப்பு உறுதியாக யாரிடமும் இருக்கவில்லை. படம் ஏறியதா என்று கணினி பார்த்தது. படத்தில் என்ன இருந்தது என்பதை ஒருவரும் முறையாகப் பார்க்கவில்லை. பார்ப்பவர் இல்லை என்பது கீழே இருப்பவருக்கு வெகு சீக்கிரம் தெரிந்துவிடும்.

அதே திட்டத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். வேலை உறுதிச் சட்டப்படி 15 நாளுக்குள் கூலி வந்தாக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் இழப்பீடு. ஆனால் ஒன்றிய அலுவலகம் பட்டியலை அனுப்புவது வரையிலான தாமதத்தைத்தான் மத்திய அரசு கணக்கில் எடுத்து வந்தது. அதன்பின் தில்லியிலிருந்து பணம் வரும் வரையிலான தாமதத்தைக் கணக்கிடாமல் விட்டது. 2018-இல் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்சநீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2024 நவம்பர் இறுதியிலிருந்து சில மாதங்கள் தமிழ்நாட்டில் கூலி வரவில்லை. 2025 மார்ச்சில் மாநிலத்துக்கு வரவேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று சொல்லி மாநிலத்தின் அப்போதைய ஆளுங்கட்சியே தெருவில் இறங்கிப் போராடியது. அந்த மாதங்களிலும் காலையும் மாலையும் படம் ஏற வேண்டும் என்ற விதி தளரவில்லை. தொழிலாளியின் வருகை மணிக்கணக்கில் பதிவானது. அவருக்குக் கூலி தரவேண்டியவரின் வராமை எந்தத் திரையிலும் சிவப்பாக மின்னவில்லை.

இதை வெறும் அரசியல் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கருவி யாரை மட்டும் அளக்கிறதோ அவரிடமிருந்து மட்டுமே மாற்றத்தைக் கறக்கப் பார்க்கும். தடங்கல் வேறிடத்தில் இருந்தால் கருவி எவ்வளவு துல்லியமானாலும் பயனில்லை. உதய்ப்பூரில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதைப் பாடப்புத்தகம் போலக் காட்டுகின்றன.

முதலாவது, சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில். எஸ்தர் டுஃப்லோ, ரீமா ஹன்னா, ஸ்டீபன் ரயன் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. ஆசிரியருக்கு ஒரு கேமரா. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகளோடு நேரம் பதிந்த படம் எடுக்க வேண்டும். வந்த நாளைப் பொறுத்துச் சம்பளம். ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகப் பாதியாகின. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கூடியது. கண்காணிப்புச் செயலிகளை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வைத்தான் மேற்கோள் காட்டுவார்கள், நியாயமாகவே.

இரண்டாவது ஆய்வை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே மாவட்டம், அதே தொண்டு நிறுவனத்தின் கண்காணிப்பு, ஏறத்தாழ அதே நுட்பம். ஆனால் இம்முறை அரசுத் துணைச் சுகாதார நிலையச் செவிலியர்கள். அபிஜித் பானர்ஜி, டுஃப்லோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர் ஆகியோர் 2008-இல் எழுதினார்கள். தொடக்கத்தில் வருகை நன்றாக ஏறியது. பிறகு, உள்ளூர்ச் சுகாதார நிர்வாகம் ‘விலக்கு நாள்’ என்று தாராளமாக எழுதிக்கொடுக்கத் தொடங்கியது. பதினாறு மாதத்தில், கண்காணிக்கப்பட்ட செவிலியருக்கும் கண்காணிக்கப்படாதவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. நேரமுத்திரை இயந்திரம் தொடக்கத்தில் பலன் தந்த கருவிதான். பொய்த்தது, கருவி தொடாத மேல்தட்டு.

கர்நாடகத்தில் 322 ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு இக்பால் தலிவாலும் ரீமா ஹன்னாவும் செய்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. கைரேகை வருகைப் பதிவு வந்த நிலையங்களில் செவிலியர், ஆய்வக நுட்புநர், மருந்தாளுநர் வருகை கூடியது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதமும் இறங்கியது. அதாவது பலன் உண்மை. ஆனால் மருத்துவர்களின் வருகை நகரவே இல்லை. விதிப்படி பிடித்தம் செய்ய வேண்டிய விடுப்பைப் பிடிக்க அரசு துணியவில்லை. பிடித்தால் இருக்கிற மருத்துவரும் போய்விடுவார் என்ற பயம். பேரம் பேசும் வலு உள்ளவரிடம் கருவி பணிந்தது, இல்லாதவரிடம் இறுகியது. தூய்மைப் பணியாளரின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டிய சண்டிகர், நாக்பூர் போன்ற மாநகராட்சிகளில் எழுந்த எதிர்ப்பை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்தக் கடிகாரம் தலைமைப் பொறியாளர் கைக்குப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

ஒன்றை மட்டும் அளப்பது என்ன செய்யும் என்பதை அறியக் கட்டபெட்டுக்காரர்கள் உதய்ப்பூர் வரை போகவேண்டியதில்லை. அவர்கள் வாழ்க்கையே பச்சைத் தேயிலைத் தராசில் தொங்குகிறது. இண்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. இலை கிலோக் கணக்கில் வாங்கப்படுகிறது. கிலோ மட்டுமே காசு என்றான இடத்தில் என்ன நடந்தது என்பது நீலகிரி முழுக்கத் தெரிந்த கதை: இரண்டு இலை ஒரு கொழுந்து என்று கையால் கிள்ளியது போய்க் கத்தரியால் வாரியெடுக்கும் பழக்கம் பரவியது, முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து வந்தன, எடை ஏறியது, தூளின் தரம் இறங்கியது. 1990-களின் இறுதியில் விலை விழுந்தபோது அந்தத் தரக்குறைவும் சேர்ந்து அடித்தது. விவசாயிகள் சோம்பேறிகளாகவோ ஏமாற்றுக்காரர்களாகவோ மாறிவிட்டதால் இது நடக்கவில்லை. தராசு எதைக் கேட்டதோ அதைக் கொடுத்தார்கள். பிறகு தேயிலை வாரியமும் தொழிற்சாலைகளும் நல்ல இலையின் விகிதத்தைப் பார்த்து விலை என்று பேச வேண்டியிருந்தது.

ஆனால் அந்தத் தராசிடம் ஊராட்சிச் செயலியிடம் இல்லாத ஒரு நேர்மை உண்டு. இலை நிறுக்கும்போது இலைக்காரர் பக்கத்தில் நிற்கிறார். முள்ளைப் பார்க்கிறார். மழை ஈரத்துக்கு என்று கிலோவைக் கழித்தால் அங்கேயே சண்டை போடுகிறார். சண்டையில் எப்போதும் ஜெயிப்பதில்லை, ஆனாலும் எவ்வளவு கழித்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். டேங்க் ஆபரேட்டரைப் பற்றிய தகவல் ஒன்றிய அலுவலகத்தின் எக்செல் தாளில் என்ன நிறத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

தன் மதிப்பீட்டைத் தானே பார்க்கும் உரிமை அரசின் மேல்தட்டுக்குக்கூட எளிதில் வரவில்லை. மந்தண அறிக்கை, பேச்சுவழக்கில் ‘சி.ஆர்.’, தலைமுறைகளாக உறையிட்டு ஒட்டப்பட்ட ரகசியம். எல்லைப்புறச் சாலைப் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத்துக்கு 1993-94-ஆம் ஆண்டுக்கு ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். கண்காணிப்புப் பொறியாளராகப் பதவி உயர ஐந்தாண்டும் ‘மிக நன்று’ வேண்டும். ‘நன்று’ என்பது பாதகமான குறிப்பு இல்லையென்பதால் அவருக்குத் தெரிவிக்கவில்லை; அந்த ஒரு சொல்லால் பதவி உயர்வு போயிற்று. 2008 மே 12-இல் உச்சநீதிமன்றம், நல்லதோ கெட்டதோ ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும், அப்போதுதான் அவர் ஆட்சேபிக்க முடியும் என்று தீர்ப்பளித்தது. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. மத்திய அரசும் 2009-இலிருந்து முழு அறிக்கையையும் காட்டத் தொடங்கியது. இப்போது ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு ஸ்பாரோ என்ற இணையத்தளத்தில் ஆண்டு மதிப்பீடு நடக்கிறது. முதலில் தன் பணியைப் பற்றித் தானே எழுதுகிறார், மேலதிகாரி எழுதுகிறார், இன்னொருவர் மறுபரிசீலிக்கிறார், முடிந்ததும் அவருக்கே காட்டப்படுகிறது, மறுப்புச் சொல்லக் காலக்கெடு உண்டு. கணினிவழி மதிப்பீடு மனிதத்தன்மையோடு இருக்க முடியும் என்பதற்கு அது சான்று. தமிழக அரசு ஊழியருக்கும் களஞ்சியம் செயலியில் சம்பளச்சீட்டு, விடுப்பு, பணிப்பதிவேடு எல்லாம் கைக்குள் வந்துவிட்டன.

இந்த வசதிகள் படியிறங்கி வரவர ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. தூய்மைக் காவலரின் மாத மதிப்பூதியம் 2023-இல்தான் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அவருக்கு ஸ்பாரோவும் இல்லை, களஞ்சியமும் இல்லை. நிரந்தர ஊழியர் என்றால் ஒழுங்கு நடவடிக்கைக்கான ‘17 பி’ மெமோ வரும். அதற்கு விளக்கம் எழுதலாம், விசாரணை கேட்கலாம், சங்கம் இருக்கிறது. மதிப்பூதியக்காரருக்கு மெமோகூட வராது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஒரு வாய்ச்சொல் போதும். மதிப்பீட்டின் கடுமை கீழே போகப் போகக் கூடுவதும், மதிப்பிடப்படுபவரின் பாதுகாப்பு கீழே போகப் போகக் குறைவதும் ஒன்றுசேர்ந்து நடப்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே கைகொடுக்காது. வேலை வாங்குகிறவர் பணி சார்ந்த நோக்கத்துக்காகத் தரவைச் சம்மதமின்றியே பயன்படுத்த அதன் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது.

மலை இதில் சேர்க்கும் சிக்கல் தனி. திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். மரங்களும் சுவர்களும் மலைச்சரிவும் மறைத்தால் பிழை கூடும். சமவெளியில் பத்து மீட்டர் பிழை அதே தெரு. சரிவில் பத்து மீட்டர் என்பது சாலைக்கு மேலே இருக்கும் தொட்டிக்கும் சாலைக்குக் கீழே இருக்கும் லைன் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம். மூடுபனி இறங்கிய நாளில் எடுத்த படத்தில் ஒரு வெள்ளைத் திரைதான் இருக்கும். பள்ளத்துக்குள் சிக்னல் கிடைக்காமல், படத்தை ஏற்றுவதற்காகவே மேட்டுக்கு ஏறிவர வேண்டியிருந்தால், படத்தின் நேரம் வேலையின் நேரமாக இருக்காது. இவையெல்லாம் தொழில்நுட்பம் தீர்த்துவிடக்கூடிய குறைகள்தான். ஆஃப்லைனில் பதிந்து பிறகு ஏற்றும் வசதி, விலக்குக் குறிப்பு எழுத ஒரு பத்தி. தீர்க்க முடியாதது வேறு.

மலையில் டேங்க் ஆபரேட்டரின் திறமை வால்வில் இருக்கிறது. புவியீர்ப்பில் இறங்கும் குழாயில் கீழ் வீடுகளுக்கு அழுத்தம் தானாக வந்துவிடும், மேல் வீடுகளுக்குக் காற்றுதான் வரும். எந்த வால்வை எவ்வளவு நேரம் அடைத்தால் மேல் ஹட்டிக்கு ஏறும், எந்த வெயில்காலத்தில் எந்த ஊற்று எத்தனை மணிக்கு வற்றும், யார் வீட்டுக் கல்யாணத்துக்காக இன்றைக்கு முறையை மாற்ற வேண்டும் என்பது அவர் தலைக்குள் இருக்கும் வரைபடம். ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். குடிநீர்த் தரக்குறியீடு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரினாவது வேண்டும் என்கிறது. இவை இரண்டும் அளக்கக்கூடியவை, அளக்க வேண்டியவை. ஆனால் அளக்க வேண்டிய இடம் கடைசிக் குழாய். தொட்டி கழுவிய தேதி எழுதிய பெயின்ட்டின் படத்தை ஏற்றுவதால் மேல் வீட்டுக் குழாயில் என்ன வந்தது என்பது தெரியாது.

குப்பையும் அப்படித்தான். சமவெளி ஊரில் ஒரு நாள் குப்பை எடுக்காவிட்டால் நாற்றம். இங்கே கரடி வரும். அதனால் கடைத்தெருவை மறுநாள் காலையில் கூட்டிப் படமெடுப்பதைவிட, இருட்டுவதற்கு முன்பே ஓட்டல் கழிவை அப்புறப்படுத்துவது பெரிய வேலை. அனுபவமுள்ள தூய்மைப் பணியாளருக்கு இது தெரியும். காலை எட்டு மணிப் படத்துக்குத்தான் மதிப்பெண் என்றால், மெல்ல மெல்ல அவர் காலை எட்டு மணிக்குத்தான் வேலை செய்வார். இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, சில இடங்களின் பதிவேட்டில் எட்டு நிமிடத்துக்குச் சற்று முன்பாகவே ஏராளமான வண்டிகள் வந்து சேர்ந்து, எட்டைத் தாண்டியதும் சட்டென்று எண்ணிக்கை சரிந்தது. க்வின் பெவனும் கிறிஸ்டபர் ஹுட்டும் 2006-இல் இதை எழுதினார்கள். வண்டி ஓட்டியவர்களைவிட எழுதிய பேனா வேகமாக ஓடியிருக்கிறது.

அப்படியானால் அளக்கவே கூடாதா? அந்த முடிவுக்குப் போவது சோம்பல். நைஜீரிய அரசுத்துறைகளின் 4,700 திட்டங்களை ஆராய்ந்த இம்ரான் ரசூலும் டேனியல் ராகரும், ஊழியருக்கு முடிவெடுக்கும் சுதந்திரம் அதிகமான அலுவலகங்களில் பணிகள் கூடுதலாக முடிந்தன, கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் இறுகிய அலுவலகங்களில் குறைவாக முடிந்தன என்று 2018-இல் காட்டினார்கள். அதே ஆண்டு தெலங்கானாவில் நடந்தது வேறு விதம். ரைத்து பந்து திட்டத்தில் விவசாயிக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் காசோலை போய்ச்சேர வேண்டும். மண்டலங்களில் குலுக்கல் முறையில் கால் பங்கைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள வேளாண் அலுவலர்களிடம் ஒன்றை மட்டும் சொன்னார்கள்: உங்கள் பகுதி விவசாயிகளைப் போனில் கூப்பிட்டுக் காசோலை வந்ததா, எப்போது வந்தது என்று கேட்கப்போகிறோம். அலுவலர் கையில் செயலி இல்லை, படம் இல்லை. அந்த மண்டலங்களில் காசோலை கூடுதலாகவும் நேரத்திலும் போய்ச்சேர்ந்தது. கார்த்திக் முரளிதரன் குழுவினரின் கணக்குப்படி, கூடுதலாகச் சேர்ந்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் கண்காணிப்புச் செலவு 4 ரூபாய்க்கும் கீழே.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முரண்போலத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. தெலங்கானாவில் அளக்கப்பட்டது மக்களுக்குக் கிடைத்த பலன். அதை எப்படிக் கிடைக்கச் செய்வது என்பது அலுவலரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. சுதந்திரமும் பொறுப்பும் சேர்ந்தே இருந்தன. அதோடு, பதில் சொல்ல வேண்டியிருந்தவர்களில் மண்டல அலுவலரும் இருந்தார்.

பால்டிமோர் நகரம் இதையே வேறு வழியில் செய்தது. 1999-இல் மேயரான மார்ட்டின் ஓ’மேலி, நியூயார்க் காவல்துறையின் காம்ப்ஸ்டாட் முறையைப் பார்த்து 2000-இல் சிட்டிஸ்டாட் என்ற ஒன்றைத் தொடங்கினார். முதலில் எடுத்துக்கொண்டது குப்பைத் துறையை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்களைத் திரையில் போட்டு மேயர் அலுவலகம் கேள்வி கேட்கும். நின்று பதில் சொல்ல வேண்டியவர் துறைத் தலைவர். ஊழியர் ஏன் விடுப்பு, வண்டி ஏன் பணிமனையில் கிடக்கிறது, ஓவர்டைம் ஏன் இவ்வளவு? வராதவரைக் கண்டுபிடிப்பது அவர் வேலை, வண்டியைச் சரிசெய்வதும் அவர் வேலை. அந்த முறைக்கும் குறைகள் இருந்தன. குற்ற எண்ணிக்கையைப் பற்றிப் பின்னால் பெரிய சர்ச்சையே நடந்தது. ஆனாலும் கேள்வி மேல்நோக்கிப் போனது.

உள்ளாட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் உத்திரமேரூரைத் தொடாமல் விடுவதில்லை. நானும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது என்கின்றன. அவ்விதி குறிவைத்தது பொறுப்பில் உட்கார்ந்தவரை.

கட்டபெட்டு போன்ற ஊர் இருக்கும் ஊராட்சிக்கு ஒரு மதிப்பீட்டு முறை வேண்டுமானால், அதன் முதல் பாதி ஹட்டிக்கு ஹட்டி, லைனுக்கு லைன் மாதந்தோறும் சில வீடுகளைப் போனில் கூப்பிட்டுக் கேட்பதாக இருக்கலாம். தண்ணீர் எத்தனை நாள் வந்தது, விளக்கு எரிகிறதா, குப்பை வண்டி வந்ததா. ஊராட்சி மணிக்கு ஏற்கெனவே ஓர் அழைப்பு மையம் இருக்கிறது. இப்போது அது போன் வருவதற்காகக் காத்திருக்கிறது. அங்கிருந்தே வீடுகளுக்குப் போன் போடவும் செய்யலாம். இரண்டாம் பாதி, மேலிருந்து வரவேண்டியவற்றின் கணக்கு. மோட்டார் பழுது என்று சொன்ன தேதி, ஆள் வந்த தேதி. பிளீச்சிங் பவுடர் கேட்ட தேதி, வந்த தேதி. கையுறையும் மழைக்கோட்டும் கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டன. மதிப்பூதியம் எந்தத் தேதியில் வங்கிக்கு வந்தது. இவற்றை டேங்க் ஆபரேட்டரும் தூய்மைக் காவலருமே தங்கள் போனில் பதியட்டும். அவர்கள் ஏற்றும் படத்துக்கு ஓர் இடம் இருக்கும்போது, அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஓர் இடம் இருப்பதில் என்ன சிரமம்? தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் மறுக்கவும் தேவ் தத் வழக்குத் தந்த உரிமையை மதிப்பூதியக்காரருக்கும் தருவதற்குப் புதிய மென்பொருள் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

எண்கள் நிறைய வைத்திருந்தால் நிலைமை சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைப் பஞ்சாயத்து முன்னேற்றக் குறியீடு கொஞ்சம் ஆட்டி வைக்கிறது. 2025 ஏப்ரலில் வெளியான முதல் பட்டியல், 435 குறிகாட்டிகளை வைத்து நாட்டின் 2,16,285 ஊராட்சிகளை வகைப்படுத்தியது. மிக உயர்ந்த ‘சாதனையாளர்’ வகையில் ஒன்றுகூட இல்லை. அடுத்த படியில் 699. 435 குறிகாட்டிக்குத் தரவு திரட்டித் தளத்தில் ஏற்றும் உழைப்பில் பெரும்பங்கு ஊராட்சி அலுவலகங்களின் தலையில்தான் விழுகிறது. செயலரின் நேரத்தில் எவ்வளவு ஊருக்குப் போகிறது, எவ்வளவு ஊரைப் பற்றிய தரவுக்குப் போகிறது என்பதை 436-ஆவது குறிகாட்டியாகச் சேர்க்கலாம்.

இந்தப் பதிவுகளையெல்லாம் வைத்துக் கேள்வி கேட்க வேண்டிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. வரவு செலவு வாசிக்கப்படுகிறது. நூறு நாள் வேலைக்கு 2013-இலிருந்து சமூகத் தணிக்கைச் சங்கம் இருக்கிறது. ஆவணத்தை ஊரார் முன் படித்துச் சரிபார்க்கும் பழக்கம் புதிதல்ல. பழுதுத் தேதியும் பணம் வந்த தேதியும் அந்த வாசிப்பில் சேர்ந்தால் போதும். இதற்கு நடைமுறைத் தடையாக வந்தது 2025 ஜனவரி 5. நீலகிரி உட்பட 27 மாவட்டங்களில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் அன்றோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கிராம ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்து அதிகாரி. வாரந்தோறும் ரிவ்யூ மீட்டிங்கில் ஊராட்சியிடம் கேள்வி கேட்பதும் அதே அலுவலகம். மோட்டார் பழுதுக்கு ஆள் அனுப்ப வேண்டியதும் அதே அலுவலகம். தலைவர் இல்லாத ஊராட்சியின் சார்பில் கிராம சபையில் எழுந்து பதில் சொல்ல வேண்டியதும் அதே அலுவலகம்.